யுத்தமும் சமாதானமும்: யாரைக் கேட்டார்கள்?

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்கான ஞாயிறு கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வகுப்புத் தொடங்குவதற்கு முன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாதர் தலைவி என்னிடம் வந்தார். “ஐயா, இன்னைக்கு நாடுகளுக்கு நடுவுல நடக்கிற யுத்தத்தைப் பத்திப் பேசப் போறீங்களாமே. எங்க லயத்துக் கூரை மூணு வருஷமா ஒழுகுது. கொழுந்து நிறுக்கிறப்போ ரெண்டு கிலோ, மூணு கிலோன்னு கழிக்கிறாங்க. இதையெல்லாம் விட்டுட்டு உலக யுத்தத்தைப் பத்தி நாங்க என்னத்துக்குப் படிக்கணும்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நான் உடனே பதில் சொல்லவில்லை. “பேசி முடித்ததும் நீங்களே சொல்லுங்கள், அம்மா” என்றேன். ஆகவே இன்றைய பேச்சு முழுவதும் அந்த அம்மாவுக்கான பதில்தான்.

முதலில் கண்ணுக்குத் தெரிகிற விடயத்தைப் பார்ப்போம். நாம் பறிக்கும் கொழுந்து தூளாகி எங்கே போகிறது? ஈராக், ரஷ்யா, துருக்கி, ஈரான் போன்ற நாடுகள் நீண்ட காலமாக இலங்கைத் தேயிலையை வாங்கி வருகின்றன. இவற்றில் எந்த நாடு யுத்தத்தையோ பொருளாதாரத் தடையையோ காணவில்லை? ஈரானிடம் எண்ணெய் வாங்கிய கடனில் 251 மில்லியன் டொலரை நமது நாடு திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. தடைகளால் பணமாகக் கொடுப்பது கஷ்டமாகியது. 2021 டிசம்பரில் இரண்டு அரசாங்கங்களும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பி அந்தக் கடனை அடைப்பது என்பதுதான் அது. மேற்கு ஆசியாவின் பகையில் உண்டான முடிச்சு, நமது கூடையில் வந்து அவிழ்கிறது. ஆகவே யுத்தம் தூரத்தில் இல்லை.

ஆனால் நான் பேச வந்தது விலையைப் பற்றி மட்டும் அல்ல. அதைவிட ஆழமான ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு நாடு யுத்தத்துக்குப் போகிறது, பிறகு சமாதானம் செய்கிறது. இந்த இரண்டையும் தீர்மானிப்பது யார்? அதன் செலவைக் கொடுப்பது யார்? தீர்மானிப்பவரும் செலவு கொடுப்பவரும் ஒரே ஆளா?

இந்தக் கேள்வியைத் தெளிவாகக் கேட்டவர்களில் ஒருவர் இம்மானுவேல் கான்ட் என்ற ஜேர்மன் தத்துவஞானி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அவரும் ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளைதான். தகப்பன் குதிரைச் சேணத்துக்கு வார் செய்து பிழைத்தவர். 1724-ல் கேனிக்ஸ்பேர்க் என்ற துறைமுகப் பட்டணத்தில் பிறந்த கான்ட், 71 வயதில், 1795-ல், ‘நிரந்தர சமாதானம்’ பற்றி ஒரு சிறிய நூல் எழுதினார். ஒரு பகடியோடுதான் தொடங்குகிறார். ஒல்லாந்துக்காரன் ஒருவனுடைய சத்திரத்தின் பெயர்ப்பலகையில் ‘நிரந்தர சமாதானம்’ என்று எழுதி, கீழே இடுகாட்டின் படம் வரைந்திருந்ததாம். எல்லோரும் செத்த பிறகு வருவதுதான் நிரந்தர சமாதானமா, உயிரோடு இருக்கும்போதே அதை அடைய முடியாதா என்பதுதான் அந்தக் கிழவரின் கேள்வி.

அவர் சொன்ன நிபந்தனைகள் பல. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது. யுத்தம் செய்யலாமா என்று தீர்மானிக்கும்போது குடிமக்களின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். ஏன்? சண்டைக்குப் போய்ச் சாகப்போவது அவர்கள். செலவைச் சொந்தக் கையிலிருந்து கொடுக்கப்போவது அவர்கள். இடிந்ததைத் திரும்பக் கட்டப்போவதும் அவர்கள். கடனைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கப்போவதும் அவர்கள்தான். அவர்களைக் கேட்டால் ஒன்றுக்குப் பத்துத் தடவை யோசிப்பார்கள். ஆனால் நாட்டைத் தன் சொத்தாக நினைக்கும் ராஜாவுக்கு யுத்தத்தால் எந்த நட்டமும் இல்லை. அவருடைய விருந்தும் வேட்டையும் மாளிகையும் அப்படியே இருக்கும். ஆகவே அற்பக் காரணத்துக்கும் யுத்தத்தைத் தொடங்கிவிடுவார்.

இரண்டாவது. வெளிநாட்டோடு யுத்தம் செய்வதற்காக ஓர் அரசு கடன் வாங்கக் கூடாது. கடன் கிடைத்தால் யுத்தம் சுலபமாகிவிடும் என்றார். இது நமக்குப் புரியாததா? 1921-ல் ஒழிக்கப்படும்வரை தோட்டத்தில் ‘துண்டு’ முறை இருந்தது. ஆளோடு கடனும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறியது. யாரோ வாங்கிய கடனுக்கு யாரோ உழைப்பது என்றால் என்னவென்று நமது பாட்டன்மாருக்கு யாரும் புத்தகத்தில் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது. ஒரு நாட்டை வாங்கவோ, விற்கவோ, மாற்றிக்கொள்ளவோ, தானமாகக் கொடுக்கவோ கூடாது. நாடு என்பது மண் அல்ல, மக்கள் கூடி வாழும் ஓர் அமைப்பு. அதைக் கைமாற்றுவது மனிதரைப் பொருளாக ஆக்குவது என்றார்.

அவர் இதை எழுதிய அதே 1795-ல் இந்தத் தீவில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஐரோப்பாவில் பிரான்ஸுக்கும் பிரித்தானியாவுக்கும் யுத்தம். ஒல்லாந்து பிரான்ஸின் கைக்குள் போனது. உடனே பிரித்தானியக் கப்பல்கள் திருகோணமலைக்கு வந்தன. ஒல்லாந்தரிடம் கூலிக்கு இருந்த டி மெரோன் என்ற சுவிஸ் படை, ஓர் ஒப்பந்தத்தின் மூலம் பிரித்தானியரின் சேவைக்கு மாற்றப்பட்டது. 1796 பெப்ரவரியில் கொழும்பு விழுந்தது. 1802-ல் ஏமியன் என்ற பிரெஞ்சுப் பட்டணத்தில் சமாதான ஒப்பந்தம் எழுதினார்கள். அந்தச் சமாதானத்தில் இலங்கையின் கரையோரம் பிரித்தானியாவுக்குக் கொடுக்கப்பட்டது. கரையோரத்து மீனவரையோ விவசாயியையோ யாரும் கேட்கவில்லை. 1815-ல் கண்டியும் போனது. அதன் பிறகு கோப்பி வந்தது, கோப்பியோடு நாம் வந்தோம், கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தோட்டம் ஒரு கம்பனியிடமிருந்து இன்னொரு கம்பனிக்குப் போகும்போது, செடியோடும் மெஷினோடும் சேர்த்து நமது தலைகளையும் எண்ணுவது நமக்குப் பழக்கமான காட்சி. ஒரு தீவையே அப்படித்தான் கைமாற்றினார்கள்.

தோழர்களே, கான்ட் சொன்னதில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. பெரியவர் சொன்னார் என்பதற்காக அதை மறைக்கக் கூடாது. குடிமக்களைக் கேட்க வேண்டும் என்று சொன்ன அதே மனிதர், 1797-ல் எழுதிய இன்னொரு நூலில், பிறரிடம் கூலிக்கு வேலை செய்பவர்களுக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை இல்லை என்று எழுதினார். அவர்கள் பிறரை நம்பிப் பிழைப்பவர்கள், சுயமாகத் தீர்மானிக்க முடியாதவர்கள் என்பது அவருடைய நியாயம். அதாவது யுத்தத்தின் செலவை முதலில் கொடுப்பவர்களைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார். வார் தைத்த தொழிலாளியின் மகனுக்கே இது தோன்றவில்லை. அந்த ஓட்டையை அடைத்தது தத்துவஞானிகள் அல்ல. தொழிற்சங்கங்களும், வாக்குக் கேட்டுப் போராடிய பெண்களும்தான்.

ஆனால் தொழிலாளி கையில் வாக்கு வந்துவிட்டால் மட்டும் யுத்தம் நின்றுவிடுமா? இங்கேதான் நமது இயக்கத்தின் மிகவும் கசப்பான பாடம் இருக்கிறது. 1912 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் பல நாட்டுத் தொழிலாளர் கட்சிகள் கூடின. யுத்தம் வந்தால் எல்லோரும் சேர்ந்து அதைத் தடுப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 1914 ஜூலை 31-ல், யுத்தத்தைத் தடுக்க ஓடித் திரிந்த பிரெஞ்சுத் தொழிலாளர் தலைவர் ஜோன் ஜோரெஸ் பாரிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 2-ல் ஜேர்மன் தொழிற்சங்கத் தலைமைகள் யுத்த காலத்தில் வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று முடிவெடுத்தன. ஆகஸ்ட் 4-ல் ஜேர்மன் பாராளுமன்றத்தில் யுத்தக் கடனுக்கு அனுமதி கேட்கப்பட்டது. அங்கே ஆகப் பெரிய கட்சி தொழிலாளர் கட்சி. 110 உறுப்பினர்கள். முதல்நாள் கட்சிக் கூட்டத்தில் 14 பேர்தான் எதிர்த்தார்கள். கட்சிக் கட்டுப்பாடு என்று சொல்லி அவர்களில் ஒருவரும் சபையில் எதிர்த்து வாக்களிக்கவில்லை. கூட்டத்தில் எதிர்த்துப் பேசிய ஹூகோ ஹாஸேதான், கட்சித் தலைவர் என்ற முறையில், ஆதரவு அறிக்கையைச் சபையில் வாசிக்க வேண்டி வந்தது. டிசம்பர் 2-ல் இரண்டாவது கடனுக்கு வாக்கெடுப்பு வந்தபோது, எதிராக வாக்களித்தவர் ஒரே ஒருவர். அவர் கார்ல் லீப்னெக்ட்.

அவர்களைத் துரோகிகள் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். அப்படிச் சொன்னால் நாம் ஒன்றும் படிக்க மாட்டோம். அந்தத் தொழிலாளர்களிடம் என்ன சொல்லப்பட்டது? ரஷ்யச் சக்கரவர்த்தி படையோடு வருகிறான், இது நம்மைக் காக்கும் யுத்தம் என்று சொல்லப்பட்டது. பிரெஞ்சுத் தொழிலாளியிடம் ஜேர்மன்காரன் வருகிறான் என்று சொன்னார்கள். ஒவ்வொரு நாட்டிலும் தங்கள் யுத்தம் தற்காப்பு என்றே சொன்னார்கள். தலைவர்களுக்கோ, எதிர்த்தால் சங்கக் கட்டடத்தையும் நிதியையும் பறித்து நம்மை உள்ளே போடுவார்களே என்ற பயம். வருஷக் கணக்காகச் சந்தா சேர்த்துக் கட்டிய சங்கத்தைக் காப்பாற்ற, அந்தச் சங்கத்தின் அங்கத்தவர்களைப் பதுங்குகுழிக்கு அனுப்பினார்கள். நான்கு வருஷத்தில் ஒரு கோடிக்குக் கிட்டிய போர்வீரர்கள் செத்தார்கள். கடன் வாங்கி நடத்திய அந்த யுத்தத்தின் பின், 1923-ல் ஜேர்மன் பணம் மதிப்பில்லாமல் போனது. ஏழைகளின் சேமிப்பும் அதோடு போனது.

ஆனால் யுத்தத்தின் தொடக்கத்தில் ஏமாந்தவர்களும், யாரும் கேட்காமல் விட்டவர்களும் அதன் முடிவில் பேசினார்கள். 1917 மார்ச் 8-ல், பெண்கள் தினத்தன்று, ரஷ்யாவின் பெட்ரோகிராட் நகரத்து நெசவாலைப் பெண்கள் பாண் கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். ஒரு வாரத்தில் சக்கரவர்த்தியின் ஆட்சி போனது. 1918 ஜனவரியில் பேர்லின் ஆயுதத் தொழிற்சாலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. நவம்பரில் கீல் துறைமுகத்து மாலுமிகள், இனிச் சண்டைக்குப் போக மாட்டோம் என்றார்கள். ஒவ்வொரு மார்ச் மாதமும் நாம் கொண்டாடும் மகளிர் தினத்துக்குப் பின்னால் இந்தப் பெண்களும் நிற்கிறார்கள் என்பதை நமது தலைவிகள் மறக்கக் கூடாது.

இந்தப் பயத்தில்தான் உலகத்துப் பெரியவர்களுக்கு ஒரு புத்தி வந்தது. 1919-ல் வெர்சாய் சமாதான ஒப்பந்தத்திலேயே ஒரு பகுதியாகச் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனத்தை உருவாக்கினார்கள். சமூக நீதி இல்லாமல் நிலையான சமாதானம் இல்லை என்பதை அதன் யாப்பின் முகப்பிலேயே ஒப்புக்கொண்டார்கள். எட்டு மணி நேர வேலை அதன் முதல் சமவாயம். 1944-ல் பிலடெல்பியாவில் கூடி, உழைப்பு ஒரு விற்பனைப் பண்டம் அல்ல என்று பிரகடனம் செய்தார்கள். இந்த ஸ்தாபனத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. மாநாட்டுக்கு ஒரு நாட்டிலிருந்து நான்கு பிரதிநிதிகள் போவார்கள். அரசாங்கத்துக்கு இரண்டு, முதலாளிகளுக்கு ஒன்று, தொழிலாளருக்கு ஒன்று. ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில்கூட அரசாங்கங்களுக்குத்தான் வாக்கு. இங்கே தொழிலாளிக்கும் தனி வாக்கு உண்டு. கான்ட் விட்ட ஓட்டையில் ஒரு சிறு பகுதியை அடைத்தது இதுதான்.

இனி நமது வீட்டுக்கு வருவோம். யுத்தமே இல்லாமல், இரண்டு நாடுகள் நட்பாகச் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டைப் பார்ப்போம். 1964 ஒக்டோபர் 30-ல் புதுடில்லியில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்து வைத்தார்கள். நாடற்றவர்களாக இருந்த நம்மவர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும். மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள். 1974-ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75 ஆயிரம் என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். ஏழு பேருக்கு நான்கு பேர் என்ற விகிதம். எண்ணிக்கையை முதலில் எழுதினார்கள், மனுவை அதன் பிறகுதான் கேட்டார்கள்.

ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. இரண்டு நாடுகளுக்கும் இருந்த பிணக்குத் தீர்ந்தது. பத்திரிகைகளுக்கு அது சமாதானம். ஆனால் ஹட்டனிலும் நானுஓயாவிலும் தலைமன்னார்ப் பக்கம் புறப்பட்ட கோச்சியை நம்மவர் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். தாய் ஒரு நாட்டுக்கு, மகள் ஒரு நாட்டுக்கு. இங்கே பிறந்து, இங்கேயே கொழுந்து பறித்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயணத்தின் பெயர் ‘தாயகம் திரும்புதல்’.

ஏன் இப்படிச் செய்ய முடிந்தது? பதினைந்து வருஷத்துக்கு முன்பே நமது வாய் கட்டப்பட்டிருந்தது. 1947 தேர்தலில் நம்மவர் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949-ன் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தன. வாக்கு போனது. வாக்கில்லாத மக்களை எண்ணலாம், பிரிக்கலாம், அனுப்பலாம். அவர்களைக் கேட்க வேண்டிய தேவை எந்தத் தலைவருக்கும் இல்லை. 2003-ல்தான் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது. கான்ட் பிறந்த கேனிக்ஸ்பேர்க்குக்கு என்ன ஆனது தெரியுமா? இரண்டாம் உலக யுத்தத்தில் அது இடிந்து சோவியத் கைக்குப் போனது. அங்கிருந்த ஜேர்மன் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராட். மக்களைப் பொருளாகக் கைமாற்றக் கூடாது என்று எழுதிய மனிதரின் ஊர்ச் சனங்களுக்கும் அந்தக் கதிதான்.

ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றுதான். துப்பாக்கி ஓய்ந்தால் மட்டும் அது சமாதானம் ஆகாது. இரண்டு தலைவர்கள் கைகுலுக்கிப் படம் பிடித்தாலும் அது சமாதானம் ஆகாது. செலவைக் கொடுப்பவர்களைக் கேட்டுச் செய்வதே சமாதானம். அவர்களைக் கேட்காமல் தொடங்கும் யுத்தமும், அவர்களைக் கேட்காமல் செய்யும் சமாதானமும் ஒரே வேரில் முளைத்தவை.

“கேட்டாலும் நடக்கிறதா?” என்று இளைஞர்கள் கேட்கலாம். 2003 பெப்ரவரி 15-ல், ஈராக் யுத்தம் வேண்டாம் என்று உலகத்தின் நூற்றுக்கணக்கான நகரங்களில் இலட்சக்கணக்கான மக்கள் ஊர்வலம் போனார்கள். மார்ச் மாதம் குண்டு விழுந்தது. உண்மை. வாக்கும் ஊர்வலமும் தனியாகப் போதாது. 1914-ல் வாக்கும் இருந்தது, சங்கமும் இருந்தது. இல்லாமல் போனது, எதிரி என்று சொல்லப்பட்ட நாட்டுத் தொழிலாளியோடு பேச்சு. பாசல் நகரத்துத் தீர்மானம் மேலே இருந்தவர்களின் காகிதத்தில் இருந்தது, கீழே இருந்தவர்களின் பழக்கத்தில் இல்லை.

அதனால் யாராவது யுத்த முரசு கொட்டும்போது நான்கு கேள்வி கேட்கப் பழகுவோம். அது எந்த நாடாக இருந்தாலும், நமக்குப் பிடித்த நாடாக இருந்தாலும் சரி. சண்டைக்குப் போவது யாருடைய பிள்ளை? கடனைக் கட்டப்போவது யார்? இலாபம் எடுப்பது யார்? இந்த மூன்றில் முதல் இரண்டும் யார்மேல் விழுகிறதோ, அவர்களைக் கேட்டார்களா? சமாதானம் பேசும்போதும் இதே கேள்விகள்தான். சொந்த நாட்டிலேயே நடந்த நீண்ட யுத்தத்தில், அடையாள அட்டை கையில் இல்லாத குற்றத்துக்காகத் தடுப்புக் காவலில் கிடந்த தோட்டத்துப் பிள்ளைகளை நாம் அறிவோம். இந்தக் கேள்விகளைக் கேட்கும் தகுதி நமக்கு உண்டு.

இன்னொன்று. கென்யாவிலும் அசாமிலும் நம்மைப் போலவே கொழுந்து பறிப்பவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் கேட்டால் நம்மிடம் அவர்களைக் காட்டுகிறார்கள். அவர்களிடம் யாரைக் காட்டுகிறார்கள் என்று நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா? பகை முற்றிய பிறகு கைகொடுக்க முடியாது. பகை இல்லாத காலத்திலேயே பேசிப் பழக வேண்டும்.

இப்போது அந்த அம்மாவுக்கு வருகிறேன். அம்மா, உங்கள் லயத்துக் கூரையைப் பற்றித் தீர்மானிப்பவர் அதன் கீழே படுப்பதில்லை. கொழுந்தைக் கழிப்பவர் கூடையைச் சுமப்பதில்லை. யுத்தத்தைத் தீர்மானிப்பவரும் பதுங்குகுழிக்குப் போவதில்லை. மூன்றும் ஒரே வழக்கு. மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று, “ஏன் கழிக்கிறீங்க, எங்களைக் கேட்டீங்களா?” என்று கேட்கத் தெரிந்தவருக்கு, அதே கேள்வியை நாட்டைப் பார்த்தும் கேட்கத் தெரியும்.

அதைத்தான் இன்று படித்தோம். நாளைக் காலைப் பிரட்டிலிருந்து தொடங்குவோம்.